கழுவிக் கழுவிச் செய்த துணி

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் எங்களுக்கு ஒரு சிறிய தையல் நிலையம் இருக்கிறது. பாடசாலைச் சீருடை, தலையணை உறை, மேசை விரிப்பு என்று தைத்துக்கொண்டிருந்த இடம். இப்போது கைக்குழந்தைகளுக்கான இரவு உடுப்பும் தைக்கிறோம். துணி மருதமுனைத் தறிகளில் நெய்யப்படுகிறது. வாங்குவது லண்டனில் உள்ள ஒரு குழந்தைப் பொருள் நிறுவனம். எங்களாலும் இதைச் செய்ய முடியுமா என்று ஏறாவூர், கல்முனைப் பக்கமிருந்து சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் நெசவும் தையலும் சேர்ந்து பாதிகூட வராது. மற்றதெல்லாம் கழுவல்தான்.

அவர்கள் கேட்டது இரண்டு படை மஸ்லின். மெல்லிய இரண்டு துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, இடையிடையே ஒரு நூலால் பிணைந்தபடி நெய்யப்பட வேண்டும். ஒரு சதுர மீட்டர் 120 கிராம் அளவில் இருக்க வேண்டும். இரண்டு படைக்கும் இடையில் காற்று நிற்பதால் வியர்வையும் காயும், குளிரும் உடனே ஏறாது. மாதிரித் துண்டைக் கையில் வாங்கியபோதே எனக்குப் பிடித்துவிட்டது.

மருதமுனை தலைமுறை தலைமுறையாகச் சாரமும் சேலையும் நெய்த ஊர். 2004 சுனாமியில் வீடுகளோடு தறிகளும் போன பின்னர் திரும்ப எழுந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு காக்காவிடம் (மூத்தவரை அங்கே அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மாதிரியைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகள், சாரத்த நெருக்கி நெருக்கி அடிச்சுப் பழகின கை இது. ஐதா அடி எண்டு சொன்னா கை கேக்காதே" என்றார். அது உண்மையான சிக்கல். மஸ்லினுக்கு அச்சை, அதாவது குறுக்கு நூலை நெருக்கும் சீப்பை, மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். ஒரு இடத்தில் பலமாக அடித்தால் அந்த இடம் பட்டையாகத் தெரியும். இரண்டு படை என்பதால் தறியில் காலால் அழுத்தும் மிதி நாலு வேண்டும். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, 40-ஆம் நம்பர் ஒற்றை நூல் போட்டோம். ஒற்றை நூல் தறியின் இழுவைக்குத் தாங்காமல் அறும். அறாமல் இருக்க அதற்குக் கஞ்சி கூடுதலாக ஏற்ற வேண்டும். காக்காவின் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுபவர், பாவுக்குக் கஞ்சி போடும் பக்குவத்தைப் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகுதான் தறி நிற்காமல் ஓடியது.

இங்கே ஒரு விசயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நெசவாளருக்கு நாங்கள் மீட்டர் கணக்கில்தான் கூலி கொடுக்கிறோம். பரீட்சார்த்தமாக நெய்யும் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது. அந்த நாட்களுக்கு நாட்கூலி என்று முதலிலேயே பேசி, அதை வாங்குபவரின் செலவில் சேர்க்க வேண்டும். லண்டன்காரர் இதற்கு மறுபேச்சின்றிச் சம்மதித்தார். சம்மதிக்காதவருடன் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். புதுத் துணியை உருவாக்குபவர் தறியில் இருப்பவர். அவருடைய வீட்டு அடுப்பை வைத்து மற்றவர்கள் பரீட்சை பார்க்க முடியாது.

தறியிலிருந்து இறங்கிய துணி பார்க்க மஸ்லின் போலவே இருந்தது. தொட்டால் கடதாசி. அவ்வளவு கஞ்சி.

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்த மாட்டார்கள். அப்பப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைப்பார்கள், அம்மம்மாவின் நூல் சேலையில் ஏணை கட்டுவார்கள். வருசக் கணக்காகக் கழுவித் துவைத்த துணி அது. கஞ்சியும் போய், ஓடுகிற சாயமும் ஓடி முடிந்து, சுருங்குவதும் சுருங்கியிருக்கும். பரிசோதனைச் சாலைக்காரர் கேட்கும் பட்டியலைக் கையில் எடுத்தபோது, அந்தப் பழைய வேட்டியின் குணங்களைத்தான் ஒவ்வொன்றாக அளந்து கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. வேட்டிக்குக் கிடைத்த அத்தனை வருசத்தை நாங்கள் ஒரு வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலில் கஞ்சி. வெறும் தண்ணீரில் அது முழுதாகப் போகாது. மாப்பொருளைக் கரைக்கும் அமிலேஸ் என்ற நொதியத்தை இளஞ்சூட்டு நீரில் கலந்து, துணியை இரவு முழுக்க ஊறப் போடுகிறோம். போய்விட்டதா என்று பார்க்க மருந்துக் கடையில் கிடைக்கும் அயடீன் போதும். ஒரு துளி விட்டால், கஞ்சி மிச்சம் இருக்கும் இடம் நீலமாகும். அடுத்தது பருத்தியின் சொந்த மெழுகு. அது இருக்கும்வரை துணி தண்ணீரைக் குடிக்காது. சோடாச் சாம்பலும் சவர்க்காரமும் போட்டுக் கொதிக்கவைத்தால் மெழுகு கழரும். காய்ந்த துணியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்; முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும்.

தண்ணீரும் பெரிய விசயம். எங்கள் மணற்பாங்கான ஊரில் கிணற்று நீர் இடத்துக்கிடம் மாறும். எங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரியும், அந்தத் திரி துணியிலேயே தங்கும். ஆகவே உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வரும் குழாய் நீருக்கு மாறினோம். செலவு கூடினாலும் துணி தெளிந்தது. அலசல் நீரைத் தோட்டத்துக்கு விடாமல் தனிக் குழியில் விடுகிறோம். சோடாவும் உப்பும் மண்ணுக்கு ஆகாது.

முதல் துண்டைக் கொழும்பில் ஒரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினோம். வாங்குபவர் கேட்டது, துணியில் தீங்கான பொருட்கள் இருக்கிறதா என்று பார்க்கும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற தரத்தின் முதலாம் வகுப்பு அளவுகள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொருட்களுக்கான வகுப்பு அது. துணியின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 4.0 இலிருந்து 7.5 வரை இருக்க வேண்டும். எங்களுடையது அதற்கு மேலே போயிருந்தது. கொதிக்கவைத்த சோடாவின் மிச்சம்தான் காரணம். குழந்தையின் தோல் இயல்பிலேயே சிறிது அமிலத்தன்மை உள்ளது, காரம் பட்டால் காய்ந்து சிவக்கும். கடைசி அலசலில் கொஞ்சம் அசற்றிக் அமிலம் சேர்த்து, பிறகு இன்னொரு தரம் வெறும் நீரில் அலசியதும் அது சரியாகிவிட்டது.

தோலை உறுத்தும் இரசாயனமான ஃபோர்மல்டிஹைட்டுக்கு அந்த வகுப்பில் எல்லை மிகக் கடுமை: கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே. வெற்றுத் துணி தேறியது. ஆனால் தைத்த உடுப்பு தேறவில்லை. கழுத்துக்குப் போட்ட பயஸ் நாடா கடையில் வாங்கியது. கசங்காமல் இருக்க அதற்கு ஏற்றியிருந்த பசையில் ஃபோர்மல்டிஹைட் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் துணியையே மூலைவாட்டில் வெட்டி நாடா செய்கிறோம். தையல் நூல், லேபல், பட்டன் எல்லாவற்றுக்கும் இப்போது தனித்தனிச் சான்றிதழ் கேட்டுத்தான் வாங்குகிறோம். விற்பவர் முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும்.

நிறத்தில் எனக்கு ஒரு ஆசை இருந்தது: மஞ்சள். நம் வீட்டு மஞ்சளிலேயே சாயமேற்றலாம் என்று நினைத்தேன். வடிவான நிறம்தான். ஆனால் வெயிலில் நாலு நாள் காயப்போட்டால் வெளிறிவிடும், சவர்க்காரம் பட்டால் சிவப்பாக மாறும். நெப்தோல் சாயங்கள் இன்னொரு சிக்கல். அவை அசோ வகை. அவற்றில் சில உடைந்து, ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்ட அரோமற்றிக் அமைன்கள் என்ற தீங்கான இரசாயனங்களை வெளிவிடக்கூடும். அங்கே எல்லை கிலோவுக்கு 30 மில்லிகிராம். பிள்ளை கழுத்துப் பட்டியைச் சப்பும், கையைச் சப்பும். ஆகவே உமிழ்நீரில் சாயம் இறங்குகிறதா என்றும் தனியாகப் பார்க்கிறார்கள். கடைசியில் சாயமேற்றாத இயற்கை நிறமும், பருத்தி இழையோடு பிணையும் ரியக்டிவ் சாயத்தில் வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் என்று நிறுத்திக்கொண்டோம். வெளிர் நிறத்தில் ஒட்டாமல் மிஞ்சும் சாயம் குறைவு, கொதிநீரில் சவர்க்காரம் போட்டு அலசினால் தெளிந்த நீர் சீக்கிரம் வரும். இன்னொன்று, ஒவ்வொரு நிறத்துக்கும் பரிசோதனைக் கட்டணம் தனித்தனி. சின்ன இடங்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

சுருக்கம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஐதான துணி முதல் கழுவலிலேயே நூற்றுக்குப் பத்துக்கு மேல் உள்வாங்கும். முழுவதும் கழுவிக் காய்ந்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும்.

அப்புறம் வடிவமைப்பு. நாங்கள் வழக்கமாகப் பிறந்த பிள்ளைக்குத் தைக்கும் சட்டையில் கழுத்தில் நாடா முடிச்சு வரும். அது உடனே திரும்பி வந்தது. ஈஎன் 14682 என்ற ஐரோப்பியத் தரப்படி ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்திலோ தலை மூடியிலோ இழுகயிறு, நாடா எதுவும் கூடாது. கழுத்தை இறுக்கிவிடும் என்ற பயம் நியாயமானது. இன்னொரு மாதிரி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீள இரவுச் சட்டை, எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் மிகப் பிடித்தது. பிரித்தானியாவின் 1985 ஆம் ஆண்டு இரவு உடை ஒழுங்குவிதிகளின்படி மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இரவுச் சட்டை, தீப்பற்றும் பரிசோதனையில் தேற வேண்டும். ஐதான பருத்தி வேகமாகப் பற்றும். இரசாயனம் பூசித் தேறவைக்கலாம்தான். பிள்ளையின் தோலில் படும் துணியில் அதைப் பூச எனக்கும் மனமில்லை, வாங்குபவருக்கும் மனமில்லை. நீளச் சட்டையைக் கைவிட்டோம். பைஜாமாவுக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை, தீயிலிருந்து விலக்கி வைக்கவும் என்ற லேபல் போதும். அதையும் உடலோடு ஒட்டி வரும்படி வெட்டினோம்.

தையலில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. எங்களிடம் இருக்கும் பெண்களில் பலர் முன்பு பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து, தாளில் ஒட்டி, நேரத்தையும் மெசின் நம்பரையும் எழுதி வைக்கும் பழக்கம் அவர்கள் கையோடு கொண்டுவந்தது. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மெசினைச் சுற்றியிருக்கும் உடுப்பு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாம் உலோகங் கண்டறியும் கருவிக்குள்ளும் போய் வரும். உள்பக்கம் நூல் தொங்கக் கூடாது என்பதிலும் அவர்கள்தான் என்னைவிடக் கடுமை. தொங்கும் நூல் பிள்ளையின் கால்விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆகவே ஓவர்லொக்கை விட்டுவிட்டு, ஓரம் உள்ளே மறையும் இரட்டைத் தையல் போடுகிறோம். பிரஸ் பட்டன் மெல்லிய துணியில் நேரடியாகக் குத்தினால் கிழித்துக்கொண்டு வரும். பின்னால் அதே துணியில் இன்னும் இரண்டு மடிப்பு வைத்துக் குத்தி, 90 நியூட்டன் இழுவைக்கு நிற்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியிலும் பார்க்கிறோம். கழன்ற பட்டன் பிள்ளையின் தொண்டைக்குள் போகும் அளவு, அதை மறக்கவே முடியாது.

காலநிலைக்கு ஏற்றபடி வேலையைப் பிரித்துக்கொண்டோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துணி அரை நாளில் காயும், ஆனால் புழுதி ஏறும் என்பதால் வலைக்குள் காயப்போடுகிறோம். வாடை மழை தொடங்கிவிட்டால் மடித்து வைத்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும், மணமும் மாறும். ஆகவே ஒக்டோபருக்குள் துணி முழுவதையும் கழுவி முடித்துவிட்டு, மழைக்காலத்தில் வெட்டும் தையலும் மட்டும்.

இப்போது துயில் பை ஒன்றுக்கான வேலை நடக்கிறது. நாலு படை வரும். அறை வெப்பநிலை 24 இலிருந்து 27 பாகைக்குள் இருக்கும் இடத்துக்கு 0.5 டொக் என்று கேட்டிருக்கிறார்கள். துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்ற அளவு அது. பையின் கழுத்து பெரிதாக இருந்தால் பிள்ளையின் தலை உள்ளே வழுகிவிடும் என்பதால், கழுத்து அளவையும் ஈஎன் 16781 தரப்படி பார்க்க வேண்டும். மாதிரி லண்டனுக்குப் போயிருக்கிறது. அந்த ரிப்போட் கைக்கு வராமல் அதற்குப் பாவு ஓட வேண்டாம் என்று காக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.