கோவை ஃப்ளாட்டை விற்ற பணம் ஜெர்மனி வந்து சேர்ந்த கதை

2022 முதல் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். கோயம்புத்தூரில் 2012-ல் 29 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட் ஒன்று இருந்தது. இங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்று முடிவானதும் அதை 2024 அக்டோபரில் 48 லட்சத்துக்கு விற்றோம். அந்தப் பணம் கடைசி ரூபாய் வரை இங்கே வந்து சேர ஒரு வருடம் ஆனது. ரூபாயை யூரோவாக எந்த நாளில் மாற்றுவது என்ற ஒரே கேள்வியில் அதில் நான்கு மாதம் போய்விட்டது, கூடவே ஏறக்குறைய 2,600 யூரோவும் போனது. அடுத்து ஊரில் இடம், வீடு விற்கப்போகிற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் தாமதம் என்னுடைய கவனக்குறைவு. வெளிநாட்டில் குடியேறியதும் ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றிவிட வேண்டும், நான் இரண்டு வருடமாக மாற்றவே இல்லை. வீடு விற்ற பணத்தை அந்தப் பழைய கணக்கில் வாங்கக் கூடாது என்று ஆடிட்டர் சொன்ன பிறகுதான் ஓடினேன். கேஒய்சி, கையெழுத்துச் சரிபார்ப்பு, குடியிருப்பு அட்டை நகல் என்று ஐந்து வாரம்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது வாங்குபவரே விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர், ஆனால் 1 சதவீதம் பிடித்தால் போதும் என்று நினைத்திருந்தார். விற்பவர் இந்தியாவில் வசித்து, விலையும் 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்தக் கணக்கு. என்னைப் போல வெளியே இருப்பவர் விற்றால் 12.5 சதவீதம், அதன்மேல் செஸ், ஆக மொத்தம் 13 சதவீதம். அதற்கு அப்போது வாங்குபவர் டான் நம்பர் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்து, பிடித்த வரியைக் கட்டி, 27க்யூ என்ற கணக்குப் படிவமும் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. லாபத்துக்கு மட்டும் வரி பிடித்தால் போதும் என்று வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம், அப்போது அதற்குப் படிவம் 13. எனக்கு அது தெரிய வந்தபோது பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லை, வாங்குபவருக்கோ வங்கிக் கடன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் முழுத் தொகைக்கும் வரி பிடித்தார்கள்: 6,24,000 ரூபாய். உண்மையில் 19 லட்சம் லாபத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்தது 2,47,000. மீதி 3,77,000 ரூபாய் அரசாங்கத்திடம் போய் உட்கார்ந்துகொண்டது. விற்க நினைத்த அன்றே அந்தச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்ஆர்ஓ கணக்கில் இருக்கும் பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் வரி விவரத்தைச் சரிபார்த்து ஆடிட்டர் தரும் 15சிபி சான்றிதழ், வருமான வரித்துறைக்கு நாம் போடும் 15சிஏ படிவம், கிரயப் பத்திர நகல், வரி கட்டிய சலான் எல்லாம் அப்போது வேண்டியிருந்தது. பணத்தைப் பிரித்துப் பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு முறையும் இதே சுற்று, ஒவ்வொரு முறையும் ஆடிட்டர் கட்டணம். ரேட் நன்றாக இருக்கும் நாளைப் பார்த்து அனுப்பலாம் என்று நினைத்தாலும், காகிதம் தயாராகி வங்கி சரிபார்த்து முடிக்கும்போது ரேட் எங்கேயோ போயிருக்கும்.

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார்: "சார், எதுக்கு நேரா யூரோவா அனுப்பணும்? மொத்தத்தையும் ரூபாயாவே உங்க என்ஆர்இ கணக்குக்கு மாத்திடுங்க. பேப்பர் வேலை அதோட முடிஞ்சுது. அங்கிருந்து எப்ப வேணும்னாலும், எவ்வளவு வேணும்னாலும் அனுப்பிக்கலாம்." இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். என்ஆர்ஓவிலிருந்து என்ஆர்இக்கு மாற்றவும் அதே படிவங்கள், அதே 10 லட்சம் டாலர் எல்லைதான், ஆனால் ஒரே தடவை. என்ஆர்இ என்பது வெளிநாட்டில் வசிப்பவருக்கான இன்னொரு ரூபாய்க் கணக்கு, அதில் விழுந்துவிட்டால் பணம் தடையில்லாமல் வெளியே போகும். 2025 ஜனவரி நடுவில் 40 லட்சம் ரூபாய் என்ஆர்இக்கு வந்துவிட்டது. (அந்தக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஜெர்மனியில் கணக்குக் காட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

தம்பி பெயரில் போட்டு அவன் வழியாக அனுப்பு என்று ஒரு உறவினர் சொன்னார். வேண்டவே வேண்டாம். உள்ளூரில் வசிப்பவர் அனுப்பினால் எல்ஆர்எஸ் (இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) விதிகள் வரும், அன்றைய கணக்கில் 7 லட்சத்துக்கு மேல் போனால் மேற்பட்ட தொகையில் 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். இப்போது அந்த எல்லை 10 லட்சம்.

ஜனவரியில் சோதனையாக 2 லட்சம் மட்டும் அனுப்பிப் பார்த்தேன். அன்று சந்தை விலை ஒரு யூரோவுக்கு 88 ரூபாய் 60 காசு. வங்கி எனக்குப் போட்டது 90 ரூபாய் 40 காசு. ஒரு யூரோவுக்கு 1 ரூபாய் 80 காசு அவர்கள் கமிஷன், ரசீதில் அது எங்கேயும் கமிஷன் என்று எழுதியிருக்காது. தனியாக 270 ரூபாய் ஜிஎஸ்டி. நடுவில் இருக்கும் வங்கி ஒன்றும் இருபது யூரோவுக்கு மேல் எடுத்துக்கொண்டது. உடனே கிளை மேனேஜருக்குப் போன் செய்து, இன்னும் 38 லட்சம் அனுப்பப்போகிறேன், அந்நியச் செலாவணியைக் கவனிக்கும் உங்கள் கருவூலப் பிரிவிடம் தனி ரேட் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் இழுத்தார். வேறு வங்கியில் கேட்ட ரேட்டை மெயிலில் அனுப்பினேன். கடைசியில் சந்தை விலைக்கு மேல் 40 காசு என்று ஒத்துக்கொண்டார்கள். 38 லட்சத்தில் அந்த வித்தியாசம் மட்டும் 660 யூரோ. யூரோ ஏறுமா இறங்குமா என்று இராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்ததில் எனக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை, அந்த இரண்டு போன் அழைப்பில்தான் இவ்வளவு மிஞ்சியது.

அன்றைக்கே 38 லட்சத்தையும் அனுப்பியிருந்தால் 89 ரூபாய் ரேட்டில் 42,697 யூரோ வந்திருக்கும். நான் அனுப்பவில்லை. காரணம் இதுதான்: 2024 செப்டம்பரில் யூரோ 93 ரூபாயில் இருந்தது, ஜனவரியில் 88, 89 என்று இறங்கிவிட்டது, யூரோவும் டாலரும் ஒரே விலைக்கு வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் பேச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் 86-க்குக் கிடைக்கும் என்று நம்பினேன். ரூபாய்க்கும் யூரோவுக்கும் உள்ள விலை உண்மையில் இரண்டு விலைகளின் பெருக்கல். டாலருக்கு எத்தனை ரூபாய், யூரோவுக்கு எத்தனை டாலர். நான் இரண்டாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியது, யூரோவும் 90, 91 என்று நகர்ந்தது. திரும்ப 89-க்கு வரட்டும், அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தேன். ஒரு தடவை பார்த்துவிட்ட விலை மனதில் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் நஷ்டம் மாதிரியே தெரிகிறது.

மார்ச் 4 மாலை, இங்கே ஆட்சி அமைக்கப் பேசிக்கொண்டிருந்த கட்சிகள் உள்கட்டமைப்புக்கு 500 பில்லியன் யூரோ, பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பில் விலக்கு என்று அறிவித்தார்கள். அதே வாரத்தில் யூரோ 94-ஐத் தொட்டது, அடுத்த வாரம் 95. எங்களுக்கு ஏப்ரலில் நோட்டரி முன்னால் கையெழுத்து, ஜூன் மாதம் பணம் கட்ட வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பயத்தில் முழுவதையும் அனுப்பிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

என் மனைவி நிறுத்தினாள். "ஏங்க, ரேட்டை விடுங்க. ஜூன்ல நமக்கு எவ்வளவு யூரோ வேணும்? அதை முதல்ல எழுதுங்க." எழுதினோம். வீடு வாங்கும் வரி இந்த மாநிலத்தில் 5 சதவீதம், நோட்டரிக்கும் நிலப்பதிவுக்கும் ஏறக்குறைய 2 சதவீதம், வங்கி கேட்ட கைப்பணம், இவற்றில் இங்கே சேர்த்து வைத்திருந்தது போக ஊரிலிருந்து வர வேண்டியது 40,000 யூரோ. 95 ரூபாய் ரேட்டிலும் 38 லட்சத்துக்கு 40,000 வந்துவிடும். 100 ரூபாய்க்குப் போனால் 38,000 தான் வரும், வீடு கைநழுவும். ஜனவரியிலேயே இப்படி எழுதிப் பார்த்திருந்தால் 86-க்காகக் காத்திருந்ததில் கிடைத்திருக்கக்கூடியது 1,500 யூரோவுக்கும் குறைவு, பணயம் வைத்தது வீட்டையே என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாகப் பிரித்தோம். தேதியையும் அப்போதே காலண்டரில் குறித்துவிட்டோம், ரேட் என்னவாக இருந்தாலும் அந்த நாளில் அனுப்புவது என்று. மார்ச் இரண்டாம் வாரம் 14 லட்சம், 95 ரூபாய் 40 காசு ரேட்டில் 14,675 யூரோ. மார்ச் கடைசியில் 12 லட்சம்: அதற்குள் ரூபாய் வலுத்து டாலர் 85 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது, 92 ரூபாய் 90 காசுக்குக் கிடைத்தது, 12,917. ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரிகளை அறிவித்ததும் யூரோ 97-ஐத் தாண்டியது. அந்த மாதம் எங்கள் காலண்டரில் தேதி இல்லை, அதனால் நான் எதுவும் செய்யவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன் என்றே சொல்ல வேண்டும். மே நடுவில் மீதி 12 லட்சம், 96 ரூபாய், 12,500. ஆக மொத்தம் 40,092 யூரோ. மூன்று தடவையும் எல்லாச் செலவும் அனுப்புபவர் தலையில் என்று படிவத்தில் குறித்துவிட்டதால் நடுவங்கி எதையும் கழிக்கவில்லை. ஒன்று கவனியுங்கள், காலையில் போட்ட ரேட்டையே பிடித்துக்கொள்ளாமல் சந்தை திறந்து கொஞ்சம் நேரம் ஆன பிறகு மேனேஜரை அழைத்து அப்போதைய ரேட்டைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நமக்கு அது விடிகாலை, அலாரம் வைத்துத்தான் எழுந்தேன்.

இந்தப் பக்கம் அதிகச் சிக்கல் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் தரும் வங்கி கேட்டது. எங்கள் கிரயப் பத்திரம் தமிழில் இருந்ததால் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஜெர்மனில் மாற்றிக் கொடுத்தோம். தமிழுக்கு அப்படிப்பட்டவர்கள் குறைவு, மூன்று வாரம் ஆனது, முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஒரே தடவையில் 50,000 யூரோவுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஜெர்மனியின் மத்திய வங்கியான பூண்டஸ்பாங்குக்குத் தெரிவிக்க வேண்டும், 2025-க்கு முன் அந்த எல்லை 12,500 ஆக இருந்தது. எங்களுக்கு அது பொருந்தவில்லை.

ஜூன் கடைசியில் வீட்டுச் சாவி வாங்கிய வாரம் யூரோ 100 ரூபாயைத் தாண்டியிருந்தது.

மாட்டிக்கொண்ட 3,77,000 ரூபாய்க்கு ஜூலையில் வரிக் கணக்குத் தாக்கல் செய்தேன். அக்டோபரில் கொஞ்சம் வட்டியோடு என்ஆர்ஓ கணக்கில் விழுந்தது. புதிய நிதியாண்டில் 5 லட்சத்துக்குள் இருந்ததால் 15சிபி தேவைப்படவில்லை, 15சிஏவின் முதல் பகுதி மட்டும் நானே போட்டேன். அன்று யூரோ 103 ரூபாய் சொச்சம். மனைவியிடம் சொன்னேன், "அனுப்பிடுங்க" என்றாள், அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.