கழுத்துத் தமனி ஸ்கேனும் கொலஸ்ட்ராலும்: வருடக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும்போது

கழுத்துத் தமனிச் சுவரின் உள், நடு அடுக்குகளின் தடிமனை, அதாவது ஐ.எம்.டி.யை, ஸ்கேனில் தொடர்ந்து அளப்பவர்களை முதலில் படுத்துவது எண்ணின் சிறுமைதான். நடுவயதில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். வருடத்துக்கு ஏறுவது சராசரியாக 0.01 மி.மீ. அளவே. கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியான ப்ரோப் கொஞ்சம் சாய்ந்தாலே அதைவிடப் பல மடங்கு பிசகும். அதனால் ஆறு மாதத்தில் "கூடிவிட்டது" என்று வரும் ரிப்போர்ட்டை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடினால் சுவர் வேகமாகத் தடிக்கும் என்பது பலரின் சராசரியில் தெரிகிறது. தனி ஒருவரிடம் அளவுப்பிழைக்குள் மறைந்துவிடும்.

படுக்கவைத்து, கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, 7 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் ப்ரோபை நீளவாக்கில் வைக்க வேண்டும். தோலுக்கு அருகிலுள்ள சுவரை விட்டுவிடுங்கள். கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தை, கூட்டினால் அதுவும் தடித்துத் தெரியும். எதிர்ச்சுவரில் இரண்டு இணைகோடுகள் கூர்மையாகத் தெரியும் இடம், தமனி உப்பத் தொடங்குவதற்குச் சற்று முன், 10 மி.மீ. நீளம்: அங்கேதான் அளக்க வேண்டும். படத்தை ஈ.சி.ஜி.யின் ஆர் அலையில், அதாவது இதயம் சுருங்கத் தொடங்கும் கணத்தில், நிறுத்துங்கள். துடிப்பில் தமனி விரியும்போது சுவர் மெலியும். கண்டபடி நிறுத்தினால் கண்டபடி எண் வரும். 1.5 மி.மீ.க்கு மேல் போனால் அது பிளேக், அதாவது கொழுப்புப் படிவு, தனியாக எழுத வேண்டும்.

ரத்தத்தின் பக்கமும் பொறிகள் உண்டு. மொத்தக் கொலஸ்ட்ரால் 220, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 40, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150 (எல்லாம் மி.கி./டெ.லி.) என்றால் எல்.டி.எல். 220−40−30, அதாவது 150; அந்த 30 டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்த எண்ணைப் பாருங்கள். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சைக்குப் பின் எல்.டி.எல். தாழ்ந்து காட்டும், சில வாரம் பொறுக்கணும்.

அதிகம் குழப்புவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. இன்றைய எல்.டி.எல். 70, சுவரோ தடிமன்; கொலஸ்ட்ராலுக்கும் தடிமனுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். அந்தச் சுவர் மாத்திரைக்கு முந்தைய இருபது வருடத்து 160ஐச் சுமந்தது. ஆகவே மாத்திரை தொடங்கிய தேதியும் அதற்கு முந்தைய எண்களும் ஃபைலில் இருந்தே ஆகணும். ரத்த அழுத்தமும் எழுதுங்கள்: அதனால் தடித்த நடு அடுக்கை ஸ்கேன் பிரித்துக் காட்டாது.

2008இல் வெளிவந்த என்ஹான்ஸ் ஆய்வில் ஸ்டாட்டினோடு எசெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தைச் சேர்த்ததும் எல்.டி.எல். கூடுதலாக இறங்கியது, தடிமனில் வித்தியாசமில்லை. 2015இல் இம்ப்ரூவ்-இட் ஆய்வில் அதே மருந்து மாரடைப்பைக் குறைத்தது. தடிமன் இறங்கவில்லை என்று மாத்திரையை நிறுத்த வருபவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.