ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?

ரொம்ப நாளாக, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் 200 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் முகங்களைத் தூரத்திலிருந்தே படம் எடுத்துவந்தேன். படங்கள் கூர்மையாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று 50 எம்எம் லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதில் முகமும் தோளும் நிறைய வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர் நெருக்கத்துக்குப் போயே ஆகவேண்டும். முதல் மூன்று பேரைத் தாண்டிப் போய்விட்டேன், வாய் வரவில்லை. நான்காவதாக ஒரு பெரியவர், பக்கவாட்டில் வெயில் விழ உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இந்த வெளிச்சத்துல உங்க முகம் ரொம்ப நல்லா இருக்கு. ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"என்னையா?" என்றவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஏன் அவரை எடுக்க விரும்புகிறேன் என்று சொன்னதுதான் கதவைத் திறந்தது என்று நினைக்கிறேன். அப்புறம், கேட்பதற்கு முன்பே கேமரா தயாராக இருக்கவேண்டும். எதிரில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு நாம் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தால் அவர் முகம் இறுகிவிடும். முதல் இரண்டு படங்களில் எல்லோருமே விறைப்பாகத்தான் நிற்கிறார்கள். முடிந்தது என்று மூச்சை விடுகிறார்களே, அந்த நொடிக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

வேண்டாம் என்பவர்களும் உண்டு. நன்றி சொல்லி நகர்ந்துவிடுவேன். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் கேமராவைத் தூக்குவதே இல்லை.

அந்தப் பெரியவரிடம் திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா மாதிரியே இருக்கேன்" என்றார்.