மைத்துனன் காரில் கொல்லிமலை

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதித் தருவதாகப் போன வாரமே சொல்லியிருந்தேன். அந்த வரிசையெல்லாம் மலையின் 47-ஆம் வளைவிலேயே கலைந்துவிட்டது. நேற்று இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பியதிலிருந்து என் வாயில் காரைத் தவிர வேறு பேச்சு இல்லை. மனைவி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டுவிட்டாள். மிச்சத்தை உங்களிடம்தான் கொட்ட வேண்டும்.

கார் என்னுடையதல்ல, மனைவியின் தம்பியுடையது. நான்கு வருடத்தில் 41,000 கிலோமீட்டர் ஓடிய செடான். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் பலம் தருவது) வைத்த பெட்ரோல் எஞ்சின், ஏழு கியர், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அவன் எஸ்யூவிக்கு மாறப்போகிறான். "வெளியாளுக்குக் கொடுப்பதைவிட உங்களுக்கே தருகிறேன் மாமா, மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியைக் கையில் வைத்தான். எட்டரை லட்சம் கேட்கிறான். வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம். கம்பெனிப் பெயரை எழுதினால் பொங்கலுக்கு மாமியார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது என்பதால் பெயர் வேண்டாம். என்னிடம் இருப்பது பதின்மூன்று வருடப் பழைய டீசல் ஹாட்ச்பேக். நூறைத் தொட்டால் டாஷ்போர்டு தாளம் போடும். ஆனால் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காலை நாலரைக்குச் சென்னை மேடவாக்கத்தில் கிளம்பி, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாக உளுந்தூர்பேட்டைவரை சொல்ல ஒன்றுமில்லை. சுங்கச்சாவடிகளில் காசு போகவில்லை. மைத்துனன் 3,000 ரூபாய் ஆண்டுப் பாஸ் எடுத்து வைத்திருக்கிறான், 200 முறை கடக்கலாம். அதில் பத்தை நான் தின்றுவிட்டேன். அவன் இன்னும் கவனிக்கவில்லை. விக்கிரவாண்டியைத் தாண்டி ஒரு உணவகத்தில் பொங்கல் வாங்கினோம். மூன்று பேருக்கு 410 ரூபாய், நெய் வாசனை விலைப்பட்டியலில் மட்டும்.

உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பிய பிறகுதான் காரின் குணம் தெரிந்தது. நான்கு வழிச் சாலையாக வந்துகொண்டே இருந்து, ஊருக்கு ஊர் புறவழியில் திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்குகிற சாலை அது. எத்தனை உயிர் குடித்திருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். கள்ளக்குறிச்சிக்கு முன்னால், தோகை சாலையை உரச உரசப் போய்க்கொண்டிருந்த ஒரு கரும்பு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டேன். என் பழைய வண்டியாக இருந்தால் கியரைக் குறைத்து, மனதுக்குள் கணக்குப் போட்டு, மூன்று முறை எட்டிப் பார்த்து, கடைசியில் போகாமலே விட்டிருப்பேன். இங்கே எதிர்ச்சாலை காலியானதும் காலை அழுத்தினேன். அரை நொடி யோசித்த வண்டி, இரண்டு கியர் இறங்கி, முதுகை இருக்கையோடு சேர்த்துத் தள்ளியது. லாரி கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. மனைவி கதவுக்கு மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவள் சின்னசேலம்வரை விடவில்லை. பின்னால் மகள் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் காதில் விழுந்தது. அந்த நிமிடம் யாராவது காகிதத்தை நீட்டியிருந்தால் எட்டரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆத்தூருக்குள் நுழைந்ததும் மயக்கம் கொஞ்சம் தெளிந்தது. கார் பாதுகாப்புக்காகக் கண்ணும் காதும் வைத்திருக்கிறது, சரி. ஆனால் குறுக்கே புகுகிற ஒவ்வொரு இருசக்கர வாகனத்துக்கும் அலறினால் எப்படி? ஒரு மொபெட்காரர் வாழைத்தாரோடு வெட்டித் திரும்பினார். நான் பிரேக்கைத் தொடும் முன் காரே மிதித்துவிட்டது. பின்னால் வந்த மினி பஸ்காரர் என் பரம்பரையை விசாரித்தார். அதைவிட மோசம் ஊர்ந்து போகும்போது வரும் இழுப்பு. பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றிலா இரண்டிலா என்று கியருக்கு முடிவு தெரியாமல், கற்றுக்குட்டி ஓட்டுவது போல உதறுகிறது. நெடுஞ்சாலையில் ராஜா, கடைத்தெருவில் இந்த நிலைமை. நாமகிரிப்பேட்டை, பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி என்று கிராமச் சாலையில் வேகத்தடைகள் வேறு. நிறையச் சாமான் இருந்ததால் இரண்டு இடத்தில் அடிவயிறு உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் எனக்குள் ஆயிரம் ரூபாய் உதிர்ந்தது.

காரவள்ளியில் மலை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். வளைவுக்குள் வேகம் பதினைந்துக்குக் கீழே இறங்கிவிடும், வண்டி இரண்டாம் கியரில் நிற்கும், டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்தினால் மொத்த பலமும் ஒரே மூச்சில் வந்து விழும், எதிரே சுவர். ஐந்தாறு வளைவுக்குப் பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டி நானே முதல் கியருக்கு இறக்கப் பழகிவிட்டேன். அதற்கப்புறம் சுகம்தான்.

47-ஆம் வளைவில் மேலிருந்து ஒரு அரசுப் பேருந்து, கீழிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. பின்னால் பதினைந்து வண்டிகள். ஓரடி நகர்வது, நிற்பது, மறுபடி ஓரடி. இருபது நிமிடம் இப்படிப் போனது. திடீரென்று மணி அடித்தது. திரையில் மஞ்சள் எழுத்தில் கியர்பெட்டி சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று செய்தி. செங்குத்தான வளைவில் பாதுகாப்பான இடத்துக்கு நான் எங்கே போவேன்? எப்படியோ சுவரோரம் ஒதுக்கி, பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். மெல்லிய கருகல் வாசனை. கை நடுங்கியது என்பதை மனைவியிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு குரங்குகள் பானெட் மேல் ஏறி உட்கார்ந்து சூடு காய்ந்தன.

பின்னால் பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினிவேன் ஓட்டுநர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏற்றத்தில் வண்டியை எதில் பிடித்து நிறுத்தினீர்கள் சார், பிரேக்கிலா ஆக்சிலேட்டரிலா?"

நான் விழித்தேன். ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்து வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "அது ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்துவது மாதிரி சார். உங்களுக்குக் காலில் கிளட்ச் இல்லை, அவ்வளவுதான். வண்டிக்குள் இருக்கிறது."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. இந்த அமைப்பில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்த கியரை முன்கூட்டியே கோத்துத் தயாராக வைத்திருப்பதால்தான் கியர் சட்டென்று மாறுகிறது. ஆனால் இந்தக் காரில் இருப்பது உலர் வகை. குளிரவைக்க எண்ணெய்க் குளியல் கிடையாது. ஏற்றத்தில் ஊர்ந்தால் தட்டுகள் தேய்ந்து தேய்ந்து சூடேறும். பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பலத்தைக் கடத்துகிறது என்பதால் ஊர்வது அதற்குப் பெரிய பாடில்லை. அப்படியானால் தப்பு பாதி என் காலுடையது. மீதிப் பாதி? கிளட்ச் மிதிக்கவே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். அதைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் ஓட்டுகிறவனுடையது என்பதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. மாலை ஆறு மணிக்கு மேடவாக்கம் சிக்னலில் நான் ஊர்வதும் ஊர்தல்தானே?

கால் மணி நேரத்தில் மஞ்சள் எழுத்து மறைந்தது. மீதி 23 வளைவுகளையும் முன்னால் போகும் வண்டியோடு நல்ல இடைவெளி விட்டு, பிரேக்கில் நிறுத்தி நிறுத்தி ஏறினேன். மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைத் தாண்டி ஒரு தள்ளுவண்டியில் குடித்த முடவாட்டுக்கால் சூப்தான் என்னை மறுபடி மனிதனாக்கியது. பாறை இடுக்கில் வளரும் ஒரு கிழங்கு. மேலே ரோமம், பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மலை மிளகு தொண்டையில் இறங்கும்போது வாரண்டி, கிளட்ச், எட்டரை லட்சம் எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனது. ஒரு கோப்பை 30 ரூபாய். மூன்று நாளில் பதினொன்று குடித்தேன். கிழங்கும் வாங்கினேன், வீட்டில் யாரும் தொடவில்லை. அறப்பளீஸ்வரர் கோயில் பார்த்தோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்கும்போது சிரிப்பு, ஏறும்போது முழங்கால் எரிந்தது. தங்குமிடம் சுமார். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும், அதுவும் வாளிக் கணக்கு. போதும்.

இறங்கும்போது கார் என்னை மறுபடி குழப்பியது. கையால் இரண்டாம் கியரில் பூட்டி இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முன்னால் போன வாடகைக் காரிலிருந்து பிரேக் கருகும் நாற்றம் வந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை. இப்படி ஓட்டச் சுகமான வண்டியை நான் இதுவரை தொட்டதில்லை. அதுதான் எரிச்சல்.

கணக்குக்கு வருகிறேன். மொத்தம் 800 கிலோமீட்டர், பெட்ரோல் 55 லிட்டர். லிட்டருக்கு பதினெட்டு கொடுக்கும் என்று மைத்துனன் சொன்னது பதினாலரையில் நின்றது. மலையில் எட்டுதான். பெட்ரோல் பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால், அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் என்றால் ஐயாயிரத்து ஐந்நூறு தாண்டிவிட்டது. என் டீசல் கிழம் இதே தூரத்தை நாலாயிரத்துக்குள் முடித்திருக்கும். எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போன் செய்து கிளட்ச் மாற்ற எவ்வளவு ஆகும் என்றேன். "வாரண்டி இருக்கும்வரை கேட்காதீர்கள், முடிந்த பிறகு உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்" என்றார். எட்டரை லட்சத்துக்கு நான்கு மீட்டருக்குள் அடங்கும் புதிய குட்டி செடானே வாங்கலாம். 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் வரி 18 சதவீதம்தான், பெரியவற்றுக்கு 40. ஆனால் அவற்றின் டிக்கியைப் பார்த்தால் துணி போதாமல் தைத்த சட்டை ஞாபகம் வருகிறது. இந்த வண்டிக்குப் பிறகு அதை ஓட்ட மனம் வருமா தெரியவில்லை.

இன்று காலை மைத்துனனைக் கூப்பிட்டு மஞ்சள் எழுத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏற்காட்டில் எனக்கும் ஒருமுறை வந்தது மாமா. சர்வீஸில் ஏதோ சாஃப்ட்வேர் போட்டார்கள், அப்புறம் வரவில்லை."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"நீங்கள் மலைக்குப் போவீர்கள் என்று நினைக்கவில்லை" என்றான். பிறகு, நான் கேட்காமலே, "ஏழே முக்கால் கொடுங்கள் மாமா" என்றான்.

சர்வீஸ் ரசீதுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சாவி இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது.