டிரெய்லரோடு பைக்: பாரம் எங்கே உட்கார வேண்டும்?

உள்ளேயே தங்கிக்கொள்ளும் பெரிய கேம்பிங் டிரெய்லரை இழுத்துச் செல்பவர்களுக்கு மலைப்பயணம் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 வளைவுகளும் இருக்கின்றன. இழுக்கும் வண்டியும் டிரெய்லருமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தை அந்த வளைவுகளில் திருப்ப முயல்வது நமக்கு ஆபத்து. எதிரே இறங்கி வரும் பேருந்துக்கும் இடைஞ்சல். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலோ, சேந்தமங்கலம் பக்கம் தெரிந்தவர் களத்திலோ டிரெய்லரை நிறுத்திவிட்டு, அதை இழுத்து வந்த பிக்கப்பை மட்டும் கழற்றிக்கொண்டு மேலே போகலாம்தான். ஆனால் தோப்பில் தங்கியிருப்பவர்களுக்குப் பால் வாங்கவும், மருந்து வாங்கவும், அவசரத்துக்கு ஊருக்குள் ஓடவும் வண்டியில்லாமல் போய்விடும். திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்களுக்குப் போகிற ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளோடு ஒரு மொபெட்டையும் கட்டி எடுத்துச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கில் வெளியூரில் தங்குகிறவர்கள் தேவையறிந்து செய்யும் ஏற்பாடு அது.

பைக் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எங்கே ஏற்றுவது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பின்பாரமாக ஏற்றிய வண்டியில் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகம் கழுத்தை அழுத்தும். அளவான முன்பாரத்தில்தான் மாடு சீராக நடக்கும். டிரெய்லரின் கணக்கும் இதேதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் 3,000 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒன்றை வாங்கிய புதிதில், "ஏனுங் மாமா, புல்லட்டப் பின்னாலயே மாட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டான். டிரெய்லரின் பின்பம்பரில் பொருத்தும் இரும்புத் தாங்கிகள் அங்கே கடையில் கிடைக்கின்றன. பார்வைக்கு அதைவிட எளிய வழி வேறில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கொக்கியின் மேல் 350 கிலோ அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோ எடையுள்ள 350 சிசி புல்லட்டும் 40 கிலோ தாங்கியும் சேர்ந்து 235 கிலோ. கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு 5 மீட்டரிலும், அச்சிலிருந்து பைக் 4 மீட்டர் பின்னாலும் இருந்தால், அந்த 235 கிலோ நெம்புகோலாக வேலை செய்து கொக்கியின் மேலுள்ள அழுத்தத்தில் 188 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 162 கிலோ. அதாவது மொத்த எடையில் வெறும் ஐந்து சதவீதம். புல்லட்டுக்குப் பதிலாக மொபெட்டை ஏற்றினாலும், தாங்கியோடு சேர்ந்து 110 கிலோ வந்தால், எட்டரை சதவீதத்தைக்கூட எட்டாது.

அமெரிக்காவில் இதற்கென்றே டாய் ஹாலர் என்ற வகை டிரெய்லர்கள் உண்டு; பின்பகுதியில் ஓர் அறையை பைக் நிறுத்தவே ஒதுக்கி, அந்த எடையையும் கணக்கில் எடுத்து அச்சுகளை அமைத்திருப்பார்கள். பிக்கப்பின் பின்புறம் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள்ளேயே கொக்கி பொருத்தும் ஐந்தாம் சக்கர டிரெய்லர்களில் தொட்டியின் இடம் கொக்கிக்கே போய்விடுவதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கு டாய் ஹாலர்தான் நேர்மையான வழி. டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லரைக் கோத்து அதில் பைக் வைப்பதைச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. அனுமதி இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பக்கத்தில், சாதாரணக் கொக்கியில் இழுக்கும் டிரெய்லருக்கு, பைக்கின் இடம் பிக்கப்பின் தொட்டிதான். அங்கே எடை டிரெய்லரை ஆட்டாது. ஆனால் பைக், கொக்கியின் அழுத்தம், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து பிக்கப்பின் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. ஊகிக்க வேண்டியதில்லை. காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் அரிசி ஆலைகளையும் கொப்பரைக் களங்களையும் ஒட்டி எடைமேடைகள் நிறைய இருக்கின்றன. முதலில் எல்லாம் ஏற்றிய பிக்கப்பைத் தனியாகவும், பிறகு டிரெய்லரைப் பூட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படியும் நிறுத்தி எடை போட்டால், இரண்டுக்குமான வித்தியாசமே கொக்கியின் மேலுள்ள பாரம். இந்தச் சீட்டுக் கையில் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறுவதை நான் ஏற்கவில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைச் சாலைகளில் பக்கவாட்டில் அடிக்கும்போது, பின்பாரமான டிரெய்லரை எந்த ஓட்டுநரின் திறமையும் காப்பாற்றாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

தொட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு கதவு பிக்கப்பின் தொட்டி சுமார் ஒன்றரை மீட்டர். பைக்கோ இரண்டு மீட்டர். பின்கதவைத் திறந்தபடியே வைத்தால், ஒடித்துத் திரும்பும்போது பைக்கின் பின்சக்கரம் டிரெய்லரின் முகத்தில் இடிக்கலாம். பைக்கைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி, புறப்படுவதற்கு முன் காலி மைதானத்தில் இருபுறமும் முழுக்க ஒடித்து, ஓர் ஆள் இறங்கி நின்று இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும்.

கட்டும்போது ஸ்டாண்டை நம்பக் கூடாது. ஸ்டாண்டை மடக்கி, முன்சக்கரத்தைத் தொட்டியின் சுவரோடு ஒரு இரும்புச் சட்டத்தில் அசையாமல் உட்காரவைத்து, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பாதியளவு அமுங்கும்வரை முன்னால் இருபுறமும் ராட்செட் பெல்ட்டால் இறுக்க வேண்டும். பின்னால் இரண்டு பெல்ட்டுகள் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும். கைப்பிடியிலோ கண்ணாடித் தண்டிலோ பெல்ட்டின் கொக்கியை மாட்டக் கூடாது. ஃபோர்க்கின் இரு கால்களையும் பிணைக்கும் இரும்புப் பிணைப்பின் மேல் துணிப்பட்டையைச் சுற்றி அதில்தான் மாட்ட வேண்டும். கயிறு குலுக்கலில் நெகிழும் என்பதால், எவ்வளவு நல்ல கயிறானாலும் இதற்கு ஆகாது. பெல்ட்டும் முதலில் சற்றுத் தளரும். 15, 20 கிலோமீட்டரில் வரும் முதல் டீக்கடையில் நிறுத்தி மீண்டும் இறுக்கிவிட வேண்டும். ஏற்றுவதற்குக் குட்டைப் பலகை உதவாது. பலகை நீளமாக இருந்தால்தான் சாய்வு குறையும், இரண்டு பேரே தள்ளி ஏற்றிவிடலாம்.

எந்த பைக் என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவைக்குப் போதுமானவற்றுள் மிக லேசானது. புல்லட்டின் மேல் உள்ள பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் 112 கிலோ ஸ்ப்ளெண்டரை ஏற்றினால், அந்த 83 கிலோ வித்தியாசத்தில் குடிநீர்க் கேன்களையும் சமையல் சிலிண்டரையும் எடுத்துச் செல்லலாம். ஊருக்குள் போய்வர மட்டும் என்றால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். போதும். இரண்டு பேர் கொல்லிமலை ஏறி அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டுமென்றால், கியரைக் குறைத்து என்ஜின் பிடியில் இறங்கும் வசதிக்காக ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியே மேல். இறக்கியதும் டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.