சொல்லாமல் விட்ட காரணம்

"2019-லயே தோத்த மருந்து டீச்சர் அது." 2022 நவம்பர் கடைசியில் நான் சொன்னது இது. இதில் பொய் இல்லை. ஆனால் ஏன் தோற்றது என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

வாங்கலாமா என்று டீச்சர் என்னிடம் கேட்டது இம்யூனோஜென் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் பங்கு. அந்த மாதம் 14-ம் தேதி அந்தக் கம்பெனியின் சூலகப் புற்றுநோய் மருந்து எலாஹியருக்கு அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏ துரித ஒப்புதல் கொடுத்திருந்தது. மருமகன் அங்கிருந்து செய்தி அனுப்பியிருக்கிறார். பங்கு விலை சுமார் 5 டாலர். பணிக்கொடையில் வந்த பணத்தில் 5 லட்சம் போட வேண்டும் என்றார். பாளையங்கோட்டைத் தபாலாபீஸையும் பேங்க் டெபாசிட்டையும் தாண்டி எதிலும் காசு போட்டவர் இல்லை.

கையில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். பென்சிலில் கட்டம் போட்டு, சூலகப் புற்றுநோய் வந்த தன் தங்கச்சியின் சிஏ-125 அளவுகளைத் தேதிவாரியாக எழுதியிருந்தார். நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. அளவு 35-க்குள் இருக்க வேண்டும். கீமோ ஏற ஏற ஆயிரத்துக்கு மேலிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. கடைசி கீமோ முடிந்த ஐந்தாம் மாதம் 90. அந்த எண்ணை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தார். பிளாட்டினம் வகைக் கீமோ மருந்தை நிறுத்தி ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால் அதைப் பிளாட்டினத்துக்கு அடங்காத வகை என்பார்கள். அதற்குப் பிறகு மிஞ்சுகிற மருந்துகள் சுமாராகத்தான் வேலை செய்யும். எலாஹியர் வந்தது அந்த இடத்துக்குத்தான். தங்கச்சி அதற்கு முன்பே போய்விட்டார்.

பங்கு வேண்டாம் என்பதற்கு நான் அடுக்கிய காரணங்களில் இன்றும் ஒன்றைக்கூட மாற்ற மாட்டேன். ஒப்புதலுக்கு அடிப்படையான சொராயா ஆய்வில் சுமார் நூறு பேர்தான், ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான். கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் கூடுவது வேறு. துரித ஒப்புதல் என்றால் அடுத்த பெரிய ஆய்வில் நிரூபிக்க வேண்டும், தவறினால் திரும்பப் பெறப்படலாம். இந்த மாதிரிக் கம்பெனியில் முதலில் பார்க்க வேண்டியது காலாண்டு அறிக்கையில் உள்ள கையிருப்புப் பணம். அதை ஒரு காலாண்டுச் செலவால் வகுத்தால் எத்தனை காலாண்டு தாங்கும் என்று தெரியும். நாலைந்துக்குக் கீழே போனால் புதுப் பங்கு விற்பார்கள். நல்ல செய்தி வந்து விலை ஏறினாலும் விற்பார்கள். ரெண்டிலும் பழைய பங்குதாரரின் பங்கு கரையும். போதாததற்கு ரூபாயை டாலராக்கி அனுப்ப வேண்டும், ஒவ்வொரு வருசமும் வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும், நட்டத்தில் இருந்தாலும்.

இத்தனையும் கேட்டுவிட்டு டீச்சர், "அப்பம் இந்த மருந்து வேலை செய்யாதுங்கியா தம்பி?" என்றார். அதற்குத்தான் அந்த 2019 பதிலைச் சொன்னேன்.

அந்த வருசத்து ஃபார்வர்டு ஒன் ஆய்வு தோற்றது உண்மை. முடிவு வந்த அன்று பங்கு பாதிக்குப் பக்கமாக விழுந்தது. காரணம் இது: ஃபோலேட் ரிசெப்டர் ஆல்ஃபா என்ற புரதத்தைப் பிடித்துத்தான் இந்த மருந்து புற்றுச் செல்லுக்குள் போகும். கட்டித் துணுக்கைச் சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புரதம் உள்ள செல்லின் ஓரம் பழுப்பாகத் தெரியும். 2019 ஆய்வில் குறைந்த உருப்பெருக்கத்தில் சாயம் கண்ணுக்குத் தெரிந்த செல்களையெல்லாம் எண்ணினார்கள், அழுத்தமா வெளிறியதா என்று பிரிக்கவில்லை. அதனால் புரதம் குறைவாக உள்ள பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அதே துணுக்குகளைப் பழைய கடுமையான முறையில் திரும்ப எண்ணியபோது, நிறைய உள்ளவர்களுக்கு மருந்து கேட்டது தெரிந்தது. அடுத்த ஆய்வுகளுக்கு விதியை மாற்றினார்கள்: 75 சதவீதச் செல்களிலாவது சாயம் நடுத்தரமாகவோ அழுத்தமாகவோ இருக்க வேண்டும்.

மருந்து தோற்றதா, ஆள் தேர்வு தோற்றதா என்பது அவர் கேள்விக்கு நேரான பதில். சொன்னால் அவர் மனசு பணம் போடும் பக்கம் சாயும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

அடுத்த மாதமே என் பக்கம் நியாயம் வந்த மாதிரி இருந்தது. ரூப்ராகா என்ற சூலகப் புற்றுநோய் மாத்திரையை விற்ற க்ளோவிஸ் கம்பெனி 2022 டிசம்பரில் திவாலுக்குப் போனது. ஒப்புதல் வாங்கி ஆறு வருசம் விற்ற மருந்து அது. இம்யூனோஜென் பங்கும் மார்ச் வாக்கில் 4 டாலர் பக்கம் இறங்கியது.

2023 மே மாதம் எலாஹியரின் அடுத்த பெரிய ஆய்வான மிராசோலின் முடிவு வந்தது. 453 பேர். வழக்கமான கீமோ எடுத்தவர்களின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய) ஆயுள் 12.75 மாதம், எலாஹியர் எடுத்தவர்களுக்கு 16.46 மாதம். பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. நவம்பரில் ஆப்வீ என்ற பெரிய மருந்துக் கம்பெனி, பங்குக்கு 31.26 டாலர் என்று மொத்தக் கம்பெனியையும் வாங்குவதாக அறிவித்தது. டீச்சரின் 5 லட்சத்துக்கு ஏறக்குறைய 1,200 பங்கு வந்திருக்கும். அன்றைய டாலர் விலைக்கு 31 லட்சம்.

அதற்கும் என்னிடம் பதில் உண்டு. தோற்ற ஆய்வுக்கெல்லாம் ஆள் தேர்வைக் காரணம் சொல்லிக் காசு திரட்டுவது இந்தத் துறையில் சகஜம், பெரும்பாலும் அடுத்ததும் தோற்கும். அதே 2023 ஜூலையில் மெர்சானா என்ற இன்னொரு கம்பெனியின் சூலகப் புற்றுநோய் ஆய்வு தோற்று, பங்கு தரைமட்டமானது. இரண்டில் எது ஜெயிக்கும் என்று 2022-இல் எனக்குத் தெரியாது. ஓய்வுக்காலப் பணத்தை ஒற்றைக் கம்பெனியில் போடாதீர்கள் என்று நாளைக்கும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்ல அந்த 2019 கதையை அரைகுறையாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. முழுசாகச் சொல்லி, அதற்கு மேலும் வேண்டாம் என்றிருக்கலாம். நாற்பது வருசம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு 75 சதவீதம் புரியாதா? சில நாள், நான் காப்பாற்றியது அவர் பணத்தையா என் வாதத்தையா என்று தோன்றும். சில நாள், அவர் வயசில் அந்தப் பணம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சமாதானமாவேன்.

2024-இல் டெபாசிட் புதுப்பிக்க வந்தார். கம்பெனி கைமாறியதை மருமகன் சொல்லியிருந்தார். விலையைப் பற்றி டீச்சர் வாயே திறக்கவில்லை. நானாகத்தான் சாய விசயத்தைச் சொன்னேன், பழைய விதி, புது விதி, எல்லாம். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு ஆபரேசன் பண்ணி எடுத்த துண்டை மெழுகுல வச்சிருப்பாங்கள்லா. இப்பம் சாயம் போட்டா எத்தனை சதவீதம்னு தெரியுமா தம்பி?" என்றார்.

மெழுகுக்கட்டியை ஆஸ்பத்திரி இன்னும் வைத்திருந்தால் பார்க்கலாம் என்றேன். நோட்டை எடுத்து, அந்த 90-க்குக் கீழே ஒரு கோடு போட்டு, '75' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார்.