பழைய பைக்கும் முதல் சில வாரங்களும்
பழைய மோட்டார் சைக்கிள் கைக்கு வந்தவுடன் அதைப் பளபளப்பாக்கும் ஆசையே முதலில் எழுகிறது. நான் அதை அடக்கிக்கொண்டு பெட்ரோல் டேங்கிலிருந்து தொடங்கினேன். உள்ளே படிந்திருந்த துரு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட் துளைகளை அடைத்துவிடும் என்பதால், டேங்கைக் கழற்றி, வெள்ளை வினிகர் நிரப்பி ஓரிரவு ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தினேன் (தாமதித்தால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூத்துவிடும்). டயர்களின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன; ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த 2309 என்ற எண், அவை 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானவை என்று காட்டியதால், யோசிக்காமல் மாற்றினேன். பழைய பிரேக் ஷூக்களில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆகவே பிரேக் டிரம்மின் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். சீட்டின் கிழிசலை மட்டும் தைக்க இன்னும் மனம் வரவில்லை.